றேடியேற்றர் மூடியும் அதன் அமுக்கமும்

நுவரெலியாவுக்கு ஏறும் பழைய மொறிஸ் மைனர் ஒன்று இறம்பொடை வளைவுகளில் நீராவி கக்கி நின்றால், கூடிய அமுக்கமுள்ள மூடி போடுமாறு கூற எவரேனும் இருப்பார். அவ்வாலோசனை ஆராயத்தக்கது.

றேடியேற்றர் மூடி வெறும் மூடியன்று. வில்லினால் அழுத்தப்பட்ட வால்வு. அதிற் பொறித்த 7 என்னும் எண், உள்ளமுக்கம் வெளியமுக்கத்திலும் சதுர அங்குலத்துக்கு 7 இறாத்தல் மிகும்வரை அது திறவாதென்பதைக் குறிக்கும். அமுக்கம் ஏறினாற் கொதிநிலையும் ஏறும். கடல் மட்டத்தில் 100 பாகை சென்ரிகிறேட்டிற் கொதிக்கும் நீர், இம்மூடியின் கீழ் ஏறத்தாழ 111 பாகையிலேயே கொதிக்கும். 6,000 அடிக்கு மேலுள்ள நுவரெலியாவிலோ வளியமுக்கம் குறைவு. அங்கே அதே மூடி 107 பாகை வரையே காக்கும்.

அப்படியாயின் 15 இறாத்தல் மூடி நன்றல்லவா என நேயர்கள் வினவலாம். கொதிநிலை இன்னும் உயரும் என்பது மெய்யே. ஆனால், 7 இறாத்தலுக்கென அமைந்த பழைய றேடியேற்றரின் பற்றாசுப் பொருத்துகள் விட்டுப்போகலாம். அவை தாங்கினாலும் நைந்த இறப்பர்க் குழாய் வெடிக்கலாம். மேலும், மூடி எஞ்சினைக் குளிர்விப்பதில்லை. கொதிப்பைத் தள்ளிப்போடுகிறது, அவ்வளவே. தூர்ந்த குழாய்களும் தளர்ந்த விசிறிப் பட்டியும் முன்போலவே இருக்கும்.

ஆகவே, உற்பத்தியாளர் குறித்த எண்ணையே வாங்குதல் வேண்டும். எண் ஒத்திருப்பினும் ஆழத்தையும் பழைய மூடியோடு ஒப்பிடுக. கட்டையான மூடி கழுத்தின் அடியிலுள்ள விளிம்பிற் படியாது, அமுக்கமே ஏறாது. கடைக்காரர் எல்லோரும் இதனைச் சொல்வதில்லை.

சூடான மூடியைத் திறத்தலாகாது. 100 பாகைக்கு மேல் அடக்கப்பட்ட நீர், அமுக்கம் நீங்கிய கணமே நீராவியாய்ச் சீறி முகத்தையும் கையையும் வேகச்செய்யும். எஞ்சின் நன்றாக ஆறியபின், தடித்த துணியால் மூடி, முதற் தடைவரை மெல்லத் திருகி, எஞ்சிய ஆவி அடங்கியதும் கழற்றுக.