அக்கா பையனை ஸ்பெயின் ஃபுட்பால் அகாடமிக்கு அனுப்ப நான் லோன் எடுக்கலாமா? பணம் எந்தப் பக்கம் ஓடுதுன்னு முதல்ல பாருங்க

கூடங்குளம் பக்கத்துல இருந்து ஒரு சப்ஸ்கிரைபர் கேட்டிருக்கிற கேள்வி இது. வயசு 28, கைக்கு வர்ற சம்பளம் 60,000. அவரோட அக்கா பையனுக்கு 13 வயசு, நல்லா ஃபுட்பால் ஆடுறான். ஆன்லைன்ல வீடியோ அனுப்பி, ஸ்பெயின்ல ஒரு அகாடமிக்கு ‘செலக்ட்’ ஆயிட்டான். ஃபீஸ், தங்குமிடம், சாப்பாடு எல்லாம் சேர்த்து வருஷத்துக்கு சுமார் 20 லட்சம். “தாய்மாமன் நீதானே, உன் பேர்ல ஒரு பர்சனல் லோன் போடு”ன்னு வீட்டுல கேக்குறாங்க.

தாய்மாமன் சீர்ல இது புது ஐட்டம்! ஆனா இது சிரிச்சுட்டுப் போற விஷயம் இல்ல. ஒரு பையனோட கனவும், ஒரு இளைஞனோட அடுத்த பத்து வருஷ வாழ்க்கையும் இதுல மாட்டியிருக்கு. அதனால பொறுமையா, ஒவ்வொண்ணா பார்ப்போம்.

‘செலக்ட் ஆயிட்டான்’னா என்ன அர்த்தம்?

கணக்குப் படிச்சவன் பார்வையில இதுக்கு ஒரே ஒரு டெஸ்ட்தான். பணம் யார் கையில இருந்து யார் கைக்குப் போகுது?

பணம் கிளப்ல இருந்து பையனுக்கு வந்தா, இல்ல கிளப்பே அவனுக்காகச் செலவு பண்ணினா, அவன் பிளேயர். பணம் உங்க வீட்டுல இருந்து அகாடமிக்குப் போனா, அவன் கஸ்டமர். கஸ்டமரா இருக்கிறது தப்பு கிடையாது. காசு கட்டி நல்ல ஸ்கூல்ல படிக்க வைக்கிற மாதிரிதான். ஆனா கஸ்டமரை ‘செலக்ட்’ பண்றதுக்கும் பிளேயரை செலக்ட் பண்றதுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்.

“மெஸ்ஸி 13 வயசுலயே பார்சிலோனா போனாரே?”ன்னு உடனே கேப்பீங்க. போனார், 2000-ல. ஆனா அங்க பணம் எந்தப் பக்கம் ஓடுச்சு? அவரோட வளர்ச்சி ஹார்மோன் சிகிச்சைக்கான செலவை ஏத்துக்கிட்டது பார்சிலோனா கிளப். குடும்பம் ஃபீஸ் கட்டல.

இங்கிலாந்துலயும் கிளப் அகாடமிகள்ல இதே கதைதான். வடக்கு வேல்ஸ்ல வளர்ந்த விமல் யோகநாதன்ங்கிற தமிழ்ப் பையன் 2024 ஆகஸ்ட்ல பார்ன்ஸ்லி கிளப்போட சீனியர் டீம்ல முதல் மேட்ச் ஆடினார், 18 வயசுல. அந்த மாதிரி கிளப் அகாடமிகள் எடுத்த பசங்களுக்குப் பயிற்சிச் செலவைக் கிளப்பே பார்த்துக்கும். பெத்தவங்க செலவு பண்றது பெரும்பாலும் பெட்ரோலும் நேரமும்தான். இன்னொண்ணையும் கவனிங்க. அவர் அந்த நாட்டுலயே பிறந்து வளர்ந்தவர். அது ஏன் முக்கியம்னு இப்ப பாருங்க.

18 வயசுங்கிற கேட்

ஃபிஃபாவோட பிளேயர் டிரான்ஸ்ஃபர் விதிகள்ல 19-ஆவது பிரிவுன்னு ஒண்ணு இருக்கு. 18 வயசு முடியாத பையனை வேற நாட்டு கிளப் பதிவு பண்ணக் கூடாது. சிறுவர்களைப் பாதுகாக்கிற இந்த விதி 2001-ல வந்தது, அதாவது மெஸ்ஸி போனதுக்கு அப்புறம்.

விதிவிலக்கு சிலது உண்டு. ஃபுட்பாலுக்குச் சம்பந்தமில்லாத காரணத்துக்காக பெத்தவங்க அந்த நாட்டுக்குக் குடிபோனா அனுமதி கிடைக்கலாம். கூடங்குளத்துல ரஷ்ய இன்ஜினியர்கள் வேலைக்காக வந்து தங்கியிருக்காங்க இல்லையா? அதுல ஒருத்தர் குடும்பத்தோட வந்து, அவர் பிள்ளை இங்க ஒரு கிளப்ல சேர்ந்தா, அது இந்த விதிவிலக்குல வரும். ஆனா பையனோட ஃபுட்பாலுக்காகவே அம்மா கூடப்போய் ஸ்பெயின்ல வீடு எடுத்தா, அது செல்லாது. ஐரோப்பிய யூனியனுக்குள்ள 16 வயசுல மாறலாம்னு இன்னொரு விலக்கு இருக்கு. இந்தியாவுல இருந்து போற பையனுக்கு அது உதவாது.

இது பேப்பர்ல மட்டும் இருக்கிற விதி இல்ல. இதை மீறினதுக்காக 2014-ல பார்சிலோனாவையே ஃபிஃபா தண்டிச்சது. ரெண்டு டிரான்ஸ்ஃபர் விண்டோவுக்குப் புது பிளேயர் எடுக்கத் தடை. 2016-ல ரியல் மாட்ரிட், அத்லெட்டிகோ மாட்ரிட், 2019-ல செல்சி. அப்போ பார்சிலோனா அகாடமியில இருந்த ஜப்பான் பையன் டக்கேஃபுஸா குபோ, மேட்ச் ஆட முடியாம 2015-ல ஊருக்கே திரும்பிட்டார். ஜப்பான்லயே ஆடி வளர்ந்து, 2019-ல 18 வயசு ஆனதும் ரியல் மாட்ரிட் அவரைக் கூப்பிட்டுச்சு.

உலகத்துலயே திறமையான சிறுவர்கள்ல ஒருத்தனுக்கே இந்த நிலைமைன்னா, 13 வயசுல நம்ம பையன் அங்க போய் என்ன ஆடுவான்? பெரும்பாலும் நட்புப் போட்டியும் தனியார் டோர்னமென்ட்டும்தான். அகாடமி பேர்ல ஒரு பெரிய கிளப்போட லோகோ இருந்தாலும், அந்தக் கிளப் அவனைப் பதிவு பண்ண முடியாது.

நம்ம ஊர் உதாரணம் என்ன சொல்லுது?

இஷான் பண்டிதா டீன் ஏஜ்லயே ஸ்பெயின் போனவர். 2016-ல, 18 வயசுல, லெகானெஸ் கிளப்போட ஒப்பந்தம் போட்டார். லா லிகா கிளப் ஒண்ணோட ஒப்பந்தம் போட்ட முதல் இந்தியர்னு அப்போ பெரிய செய்தி. அது அவங்க இளையோர் அணிக்கு. சின்னச் சின்ன கிளப்புகள்ல ஆடிட்டு 2020-ல எஃப்.சி. கோவாவுக்கு வந்தார். 2021-ல இந்திய அணிக்கு ஆடினார்.

இன்னொரு பக்கம், நம்ம கடற்கரையிலயே மேற்கே போங்க. கன்னியாகுமரி மாவட்டம் தூத்தூர் பக்கத்து இரவிபுத்தன்துறை மைக்கேல் சூசைராஜ், சென்னை சிட்டி, ஜாம்ஷெட்பூர்னு ஆடி 2019-ல இந்திய அணிக்குள்ள வந்தார். அவர் வந்த வழியில ஸ்பெயின் ஃபீஸ் கிடையாது.

ரெண்டு பேருமே திறமைசாலிங்க. நான் சொல்ல வர்றது, ரெண்டு பாதையும் வந்து சேர்ந்த இடம் ஒண்ணு: ஐ.எஸ்.எல்., இந்திய ஜெர்சி. ‘ஃபாரின் போனாதான் வாழ்க்கை’ங்கிறது மார்க்கெட்டிங் வாசகம்.

இப்போ கணக்குக்கு வருவோம்

ஃபீஸ் யூரோவுல. ஃபீஸ் ஏத்தம், ரூபாய் சரிவு ரெண்டும் சேர்த்து வருஷம் வெறும் 4% கூடுதுன்னு வச்சாலும், 4 வருஷத்துக்கு 20 + 20.8 + 21.6 + 22.5, மொத்தம் சுமார் 85 லட்சம். ஃப்ளைட், விசா, இன்சூரன்ஸ் தனி.

20 லட்சம் பர்சனல் லோன், 12% வட்டி, 5 வருஷம்னா மாசத் தவணை சுமார் 44,500. 60,000 சம்பளத்துல மிச்சம் 15,500. சரி, எப்படியோ சமாளிச்சுட்டீங்கன்னே வச்சுக்குவோம். ரெண்டாவது வருஷ ஃபீஸுக்கு இன்னொரு லோன் போட்டா? தவணை மட்டும் 89,000. சம்பளத்தையே தாண்டிடுச்சு. அதாவது 4 வருஷக் கோர்ஸ்ல ஒரு வருஷத்துக்கு மேல உங்களால இழுக்க முடியாது. பாதியில திரும்பி வர்ற பையனும் கையில லோனும்தான் மிச்சம்.

டி.சி.எஸ்.: யாரும் சொல்லாத செலவு

வெளிநாட்டுக்குப் பணம் அனுப்புறது ஆர்.பி.ஐ.யோட எல்.ஆர்.எஸ். திட்டத்துல வரும். ஒரு ஆளுக்கு ஒரு நிதியாண்டுல 2,50,000 டாலர் வரை அனுப்பலாம், அது பிரச்சினை இல்ல. பிரச்சினை டி.சி.எஸ். 2025-26 விதிப்படி, ஒரு வருஷத்துல 10 லட்சத்துக்கு மேல போற தொகைக்கு, கல்விக்குன்னா 5%, மத்த காரணங்களுக்கு 20% பேங்க் பிடிக்கும். இந்த ரேட் பட்ஜெட்டுல மாறிக்கிட்டே இருக்கும், அனுப்புற வருஷ ரேட்டைப் பாருங்க.

20 லட்சத்துல 10 லட்சத்துக்கு மேல இருக்கிறது 10 லட்சம். கல்வின்னா 50,000, மத்ததுன்னா 2 லட்சம். ஸ்கூல் இல்லாம வெறும் கோச்சிங் மட்டும் தர்ற அகாடமியா இருந்தா, பேங்க் அதைக் கல்வின்னு ஏத்துக்காம போக வாய்ப்பு நிறைய. அட்மிஷன் லெட்டர்ல படிப்பு இருக்கான்னு முதல்லயே பாருங்க.

டி.சி.எஸ். கூடுதல் வரி இல்ல, முன்பணம்தான். உங்க பான் நம்பர்ல வரவு இருக்கும். சம்பளக்காரங்க படிவம் 12பிஏஏ கொடுத்தா கம்பெனி டி.டி.எஸ்.ல கழிச்சுக்கும். ஆனா 60,000 சம்பளக்காரருக்கு புது வரி முறையில வரியே வராதே! சம்பளம் 12.75 லட்சம் வரைக்கும் வரி பூஜ்யம். அப்போ கழிக்க டி.டி.எஸ். எங்க இருக்கு? ரிட்டர்ன் போட்டு ரீஃபண்ட் வர்ற வரைக்கும் அந்தப் பணம் முடங்கிக் கிடக்கும். அதுக்கும் நீங்க 12% வட்டி கட்டிக்கிட்டு இருப்பீங்க.

வரிச்சலுகை ஏதாவது கிடைக்குமா? 80சி டியூஷன் ஃபீஸ் கழிவு, உங்க சொந்தப் பிள்ளைக்கு, இந்தியாவுல இருக்கிற கல்வி நிறுவனத்துக்கு மட்டும். 80இ கல்விக்கடன் வட்டிக் கழிவு பிளஸ் டூ முடிச்ச அப்புறம் படிக்கிற படிப்புக்கு. சட்டப்படி கார்டியனா இருந்தா ஒழிய அக்கா பையன் அதுல வரமாட்டான். பர்சனல் லோனுக்கும் அது கிடையாது. ஆக, சலுகை சுழியம்.

ஏற்கெனவே அனுப்பிட்டீங்களா? இதையெல்லாம் கேளுங்க

இன்ஸ்டாகிராம்ல வர்ற 30 செகண்ட் ரீல்ஸ் முன்னேற்றத்துக்கு அளவுகோல் இல்ல. ஆறு மாசத்துக்கு ஒரு தடவை இந்த அஞ்சையும் எழுத்துல வாங்குங்க:

1. பதிவு: அந்த நாட்டு ஃபெடரேஷன்ல பையன் பதிவு ஆகியிருக்கானா? எந்த கிளப் பேர்ல?
2. நிமிஷம்: அதிகாரபூர்வ லீக் மேட்ச்ல எத்தனை நிமிஷம் ஆடினான்? பயிற்சி மேட்ச் சேராது.
3. படிப்பு: மார்க் ஷீட் எங்க? திரும்பி வந்தா இந்தியாவுல காலேஜ்ல சேர அந்தச் சான்றிதழுக்கு ஏ.ஐ.யூ. சமநிலை கிடைக்குமா?
4. உடம்பு: காயம்பட்டா மருத்துவச் செலவு யாருடையது? பாலிசி நகல் கொடுங்க.
5. ஏஜென்ட்: நடுவுல ஒருத்தர் இருந்தா அவர்கிட்ட ஃபிஃபா லைசென்ஸ் இருக்கா? ஃபிஃபா வெப்சைட்லயே தேடிப் பார்க்கலாம்.

இதுல முதல் ரெண்டுக்கும் பதில் வரலைன்னா, அடுத்த வருஷ ஃபீஸ் கட்டுறதுக்கு முன்னாடி யோசிங்க. போட்ட பணம் போச்சேன்னு இன்னும் போடாதீங்க.

சரி, அந்த மாமன் என்ன செய்யணும்?

என் பதில்: லோன் எடுக்காதீங்க. அதுக்காகப் பையனோட கனவைக் கைவிடணும்னு அர்த்தம் இல்ல.

பணம் பையன் பக்கம் ஓடுற வாசல்களை முதல்ல தட்டுங்க. தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தோட விடுதிகள்ல தங்குமிடம், சாப்பாடு, பயிற்சி எல்லாம் இலவசம். ஏழாம் வகுப்புல இருந்தே தேர்வு உண்டு. ஜாம்ஷெட்பூர்ல டாடா ஃபுட்பால் அகாடமி 1987-ல இருந்து நடக்குது. ரிலையன்ஸ் ஃபவுண்டேஷன் யங் சாம்ப்ஸ் 2015-ல இருந்து ஸ்காலர்ஷிப்ல பசங்களை எடுக்குது. இங்க எல்லாம் செலக்ட் ஆனா, அது நிஜமான செலக்‌ஷன். பையன் எந்த லெவல்ல இருக்கான்னு ஃபீஸ் வாங்காத ஒருத்தர் சொல்ற தீர்ப்பு அது.

மாமனா ஏதாவது செய்யணும்னு தோணினா, திருப்பி வராதுன்னு தெரிஞ்சே கொடுக்கக்கூடிய ஒரு தொகையை அக்கா கணக்குல போடுங்க. தம்பி அக்காவுக்குக் கொடுக்கிற பணத்துக்கு, எவ்வளவா இருந்தாலும், அக்காவுக்கு வரி கிடையாது. பூட்ஸ், டிராவல், நல்ல சாப்பாடு, மாவட்ட மேட்ச் செலவுன்னு அது நேரா பையனுக்குப் போய்ச் சேரும். சீர்னா கையில இருக்கிறதைக் கொடுக்கிறது. கடன் வாங்கிக் கொடுக்கிறது இல்ல.

இதைப் படிக்கிற பலருக்குப் பிள்ளை இன்னும் மூணு, நாலு வயசா இருக்கலாம். உங்களுக்கு ஒரு கணக்கு: மாசம் 10,000 எஸ்.ஐ.பி., 10% வளர்ச்சின்னு வச்சா, பத்து வருஷத்துல சுமார் 20 லட்சம். பத்து வருஷச் சேமிப்பு, இன்னைய ஃபீஸ்ல ஒரே ஒரு வருஷம்! அந்தப் பணம் 18 வயசுல கையில இருந்தா, காலேஜோ, கேட் திறந்த அப்புறம் ஐரோப்பாவுல ஒரு டிரயலோ, எது வேணா அவன் முடிவு பண்ணலாம். 13 வயசுல செலவு பண்ணிட்டா, கேட் திறக்கும்போது டிக்கெட்டுக்குக் காசு இருக்காது.

தவணைக் கணக்கையும் டி.சி.எஸ். கணக்கையும் உங்க சம்பளத்துக்கு ஏத்த மாதிரி போட்டுப் பார்க்க ஒரு ஷீட், வீடியோ டிஸ்கிரிப்ஷன்ல இருக்கு. வீட்டுல பேச்சு வார்த்தை ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே அதைப் போட்டு வச்சுக்கோங்க. உணர்ச்சிவசப்பட்ட நேரத்துல நம்பர் கையில இருந்தா, ‘முடியாது’ன்னு சொல்றது கொஞ்சம் சுலபம்.