மாரடைப்பும் ஒட்சியேற்ற எதிரி மாத்திரையும்

இந்த வாரப் பக்கம் முடிவதற்குள் பதில் எழுதவேண்டிய கடிதங்கள் இரண்டு விதம். ஒட்சியேற்ற எதிரி மாத்திரை மாரடைப்பைத் தடுக்குமா என்று சிலர். கொல்சிசின் என்ற மருந்து இதயத்துக்கு எல்லாருக்கும் நல்லதாமே என்று சிலர். இரண்டுக்கும் நம் மொன்றியல் இதய நிறுவனத்திலேயே விடை தேடியிருக்கிறார்கள்.

ஒட்சியேற்றத்தை அடக்கினால் நோய் அடங்கும் என்பது மாத்திரை விற்பவர்களின் வாதம். பரிசோதனையில் அது நிற்கவில்லை. ஜான்-குளோட் தார்டிஃப் தலைமையில் 6,144 பேரிடம் சக்சினோபியூக்கால் என்ற ஒட்சியேற்ற எதிரி மருந்தைச் சோதித்துப் பார்த்தார்கள். 2008இல் முடிவு வந்தது: இதய நோய்ச் சிக்கல்கள் மருந்து எடுத்தவர்களில் 17.2 சதவீதம், போலி மாத்திரை எடுத்தவர்களில் 17.3.

காரணம், அழற்சியும் ஒட்சியேற்றமும் ஒன்றையொன்று வளர்ப்பது என்றே நினைக்கிறேன். நாடிச் சுவரில் சிக்கிய கொழுப்பு ஒட்சியேறுகிறது. அதை விழுங்கிய வெள்ளணுவுக்குள் கொலஸ்ட்ரோல் படிகமாகிறது. படிகம் உறுத்தியதும் என்எல்ஆர்பி3 என்ற புரதத் தொகுதி கூடி, இன்டர்லூக்கின்-1 பீட்டாவை வெளியே அனுப்புகிறது. அந்த அழைப்புக்கு வரும் வெள்ளணுக்களோ ஒட்சியேற்றும் பொருட்களை மேலும் கக்குகின்றன. ஆகவே ஒட்சியேற்றத்தை மட்டும் அடக்கினால் போதாது.

கொல்சிசின் ஒட்சியேற்றத்தோடு நேரே மோதுவதில்லை; அழற்சியின் பக்கம் தாக்குகிறது. டியூபுலின் என்ற புரதம் ஒன்றோடொன்று கோத்துத்தான் கலத்துக்குள் நுண்குழாய்கள் உருவாகின்றன. வெள்ளணு ஒழுங்காக நகரவும், என்எல்ஆர்பி3 தொகுதி கூடவும் அந்தக் குழாய்கள் உதவுகின்றன. கொல்சிசின் டியூபுலினில் ஒட்டிக்கொண்டால் குழாய் நீளாது. சங்கிலி நடுவில் தளர்கிறது. அருமையான வழி. ஆனால் பயமும் அதிலேதான்: கலம் பிரிவதற்கும் அதே குழாய்கள் வேண்டும். கார்த்திகைப்பூச் செடியின் கிழங்கு நஞ்சாவது அதில் இருக்கும் இதே கொல்சிசினால்தான். தமிழ்நாட்டில் மருந்துக்கு உதவும் அதன் விதைக்காகவே செடியைப் பயிரிடுகிறார்கள்.

2019இல் இதே நிறுவனத்தின் கோல்கொட் ஆய்வு, மாரடைப்பு வந்து 30 நாளுக்குள் சேர்க்கப்பட்ட 4,745 பேரில், கொல்சிசினால் இதய நோய்ச் சிக்கல்களின் ஆபத்து 23 சதவீதம் குறைந்ததாக அறிவித்தது. அந்த எண்ணைப் பிரித்துப் பார்க்கவேண்டும்: 7.1 சதவீதம் 5.5 ஆனது. இறப்பு குறைந்ததாக நிரூபணமாகவில்லை. 2024இல் ஹமில்டன் குழு மாரடைப்பு வந்த 7,000க்கு மேற்பட்டவர்களிடம் கொல்சிசினைச் சோதித்தபோது வித்தியாசமே தெரியவில்லை.

கொரோனாவுக்குக் கொல்சிசின்? 2021இல் மொன்றியல் நிறுவனத்தார் பெரிய திருப்பம் என்று அறிவித்தார்கள். மொத்தக் குழுவில் முடிவு உறுதியாகவில்லை.

விற்றமின் ஈ? 9,500 பேருக்கு மேல் கலந்துகொண்ட ஹோப் ஆய்வில் இதயத்துக்குப் பயன் தெரியவில்லை.

கார்த்திகைக் கிழங்கு? தொடவே வேண்டாம், உயிர் போகும்.

சிறுநீரக நோய் இருந்தால், அல்லது கிளாரித்ரோமைசின் எடுத்தால்? கொல்சிசின் உடலில் தேங்கி நஞ்சாகலாம். வைத்தியரிடம் முதலில் சொல்லுங்கள்.