அம்மா எழுந்து நின்ற 55 விநாடி

சிங்கப்பூரில் எங்கள் குவீன்ஸ்டவுன் நூலகம் திறந்தது 1970-ல். தமிழ்நாடு அரசு தமிழ்த்தாய் வாழ்த்தை ஏற்றதும் அதே ஆண்டுதான். அந்த ஏற்பின் பொன்விழாவுக்குக் குறும்படம் எடுக்க அந்தப் பொருத்தமே என்னைத் தூண்டியது.

சுந்தரம் பிள்ளையின் 'மனோன்மணீயம்' நாடகத்தில் 1891-ல் வெளிவந்த வாழ்த்து இது. எம்.எஸ். விஸ்வநாதன் மோகன ராகத்தில் மெட்டமைத்தார்.

எங்கள் அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்தில் பேருந்து இரைச்சல். அதனால் வீட்டிலேயே, மின்விசிறியை நிறுத்திவிட்டு அம்மாவைப் பாடச் சொன்னேன். "உக்காந்துகிட்டா? நின்னுதான்டா பாடணும்" என்று முழங்கால் வலியோடு எழுந்தார்.

அரசு குறித்த நேரம் 55 விநாடி. அம்மாவுக்குக் கூடுதலாகவே ஆனது. படத்தொகுப்பில் எதையும் வெட்டவில்லை. அவர் மூச்சுவாங்கிய இடமும் அப்படியே இருக்கிறது. அதுவும் வாழ்த்துதானே!