ஈயச்சட்டி மக்கர் பண்ணினால்

ஊரில் வலையின் அடிக்கயிற்றுக்குக் குண்டு வார்ப்பதற்குச் சிரட்டைக்கரி அடுப்பும் பழைய இரும்பு அகப்பையும் போதுமாக இருந்தன. இங்கே நோர்வேயில் கராஜ் ஒன்றில், மூன்று குடும்பங்கள் சேர்ந்து வாங்கிய மின்சார ஈயச்சட்டி ஒன்று எங்களிடம் இருக்கிறது. கோடையில் மீன்பிடிக்கப் போகும்போது தூண்டிலுக்குத் தேவையான குண்டுகளை அதில் வார்த்துக்கொள்கிறோம். வட அமெரிக்காவில் இதைத் துப்பாக்கிச் சன்னம் வார்ப்பவர்களுக்கென்றே விற்கிறார்கள். சன்னத்துக்குப் பயந்து ஓடிவந்த எங்களுக்கு அது குண்டு வார்த்துத் தருகிறது.

எங்களிடையே பொறியியலாளர் எவருமில்லை. கணக்கு எழுதிப் பிழைத்தவர்கள்தான். ஆனாலும் இந்தச் சட்டியில் வரக்கூடிய பழுதுகள் எண்ணிச் சொல்லக்கூடியவை. எந்த வேலைக்கும் முன்னர் பிளக்கைக் கழற்றி, சட்டி முற்றாக ஆறும்வரை பொறுத்திருங்கள்.

முதலாவது, மின்னழுத்தம். கனடாவிலிருந்து உறவினர் கொண்டுவரும் சட்டி 120 வோல்ட்டுக்கு உரியது. எங்கள் சுவரில் வருவது 230. அழுத்தம் ஏறக்குறைய இரண்டு மடங்குதானே என்று நினைக்கக் கூடாது. சூடு அழுத்தத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறும். 700 வாட் சட்டி 230 வோல்ட்டில் ஏறத்தாழ 2,570 வாட் இழுக்கும். சூடாக்கிக் கம்பி சீக்கிரம் எரிந்துபோகும், தீயும் பிடிக்கலாம். பிளக்கை மாற்றும் சிறு அடாப்டர் அழுத்தத்தைக் குறைக்காது. 1,000 வாட்டாவது தாங்கும் மின்மாற்றி வேண்டும். மாறாக, இங்குள்ள சட்டியைக் கனடாவுக்குக் கொண்டுபோனால் கால்பங்கு சூடுதான் வரும், ஈயம் உருகாது.

இரண்டாவது, சட்டி சூடாகவே இல்லை. சுவர் மின்சாரம், பியூஸ், வயர் ஆகியவற்றை முதலில் பாருங்கள். அவை சரியானால் கோளாறு வெப்பச் சீராக்கியிலோ சூடாக்கிக் கம்பியிலோ இருக்கும். மீற்றரால் கம்பியின் தடையை அளக்கலாம். 120 வோல்ட், 700 வாட் சட்டிக்கு அது சுமார் 20 ஓம் காட்ட வேண்டும். முடிவிலி காட்டினால் கம்பி அறுந்துவிட்டது. கம்பி நன்றாக இருந்தால் சீராக்கியின் தொடுமுனை கருகியிருக்கக்கூடும். இங்கே அரைகுறை அறிவு வேண்டாம், மின் வேலை தெரிந்தவரிடம் கொடுங்கள்.

மூன்றாவது, போட்டதும் வீட்டு மின்கசிவு முறிப்பான் விழுகிறது. குளிர்காலம் முழுக்கக் கராஜில் கிடந்த சூடாக்கி ஈரம் குடித்திருக்கும். வெதுவெதுப்பான, காய்ந்த இடத்தில் சில நாட்கள் வைத்துப் பாருங்கள். பிறகும் விழுந்தால் சூடாக்கியை மாற்ற வேண்டியதுதான். முறிப்பானைக் கடந்து மின்சாரம் எடுக்க ஒருபோதும் முயலாதீர்கள்.

நான்காவது, அடிவாய் ஒழுகுகிறது. இதுதான் அதிகம் வரும் முறைப்பாடு. அடைப்புக் கம்பிக்கும் துளைக்கும் இடையில் கசடோ கறளோ சிக்கியிருக்கும். ஈயம் உருகியிருக்கும்போதே கம்பியின் தலையைத் திருகாணிச் செலுத்தியால் இரண்டொரு தடவை சுற்றிவிட்டால் பெரும்பாலும் நின்றுவிடும். நிற்காவிட்டால் ஈயத்தை முழுதாக வடித்து, ஆறவிட்டு, கம்பியையும் துளையையும் துடைக்க வேண்டும். எப்போதும் அடியில் ஓர் இரும்புத் தட்டை வைத்திருங்கள்.

ஐந்தாவது, அடிவாய் உறைந்து ஈயம் வரவில்லை. சட்டிக்குள் சூடு போதும், வாய்ப்பகுதிதான் குளிர்ந்திருக்கிறது. இன்னும் கொஞ்சம் காத்திருங்கள், சீராக்கியைச் சற்றுக் கூட்டிப் பாருங்கள். கம்பியை முரட்டுத்தனமாக இழுக்காதீர்கள்.

ஆறாவது, ஈயம் கஞ்சிபோல் தடித்து அச்சு நிரம்பவில்லை. கார்ச் சில்லின் சமநிலைக் கட்டிகளை உருக்குகிறவர்களுக்கு இது வரும். அவற்றில் இப்போது பல நாகத்தால் ஆனவை. ஈயம் 327 பாகையில் உருகும், நாகத்துக்கு 419 வேண்டும். ஆகவே வெப்பத்தை 400க்குக் கீழே வைத்திருந்தால் நாகக் கட்டிகள் உருகாமல் மிதக்கும், எடுத்தெறியலாம். உருகிக் கலந்தபின் பிரிப்பது எங்கள் வேலையல்ல. மேலே படியும் கசட்டுக்கு ஒரு துண்டு மெழுகுதிரியைப் போட்டுக் கிளறிய பின் வழித்தெடுங்கள். மெழுகு தீப்பிடித்தால் பதறவேண்டாம், ஆனால் முகத்தைத் தள்ளி வையுங்கள்.

ஏழாவதுதான் ஆபத்தானது. எங்களில் ஒருவர் மழையில் கிடந்த பழைய கட்டியொன்றை உருகிய ஈயத்துக்குள் போட்டார். நீர் ஒரு நொடியில் ஆவியாகும்போது ஆயிரத்து அறுநூறு மடங்குக்கும் மேல் விரியும். சட்டி வெடித்ததுபோல ஈயம் கூரைவரை தெறித்தது. கண்ணாடி போட்டிருந்ததால் அவருக்குக் கண் தப்பியது, கையில் இன்னும் தழும்பு இருக்கிறது. அன்றிலிருந்து புதுக் கட்டிகளைச் சட்டி குளிர்ந்திருக்கும்போதுதான் போடுகிறோம். இடையில் சேர்க்க நேர்ந்தால் விளிம்பில் வைத்துச் சூடாக்கி, காய்ந்ததும் இறக்குகிறோம். நீண்ட கையுறையும் தோல் சப்பாத்தும் இல்லாமல் யாரும் கிட்டப் போவதில்லை.

இன்னொரு கோளாறு சட்டியில் இல்லை, எங்களில் இருந்தது. கராஜில் போட்ட சப்பாத்தோடு வீட்டுக்குள் நடந்து திரிந்தோம். ஒருநாள் மனைவி வாசலில் மறித்தார். "இஞ்சருங்கோ, பிள்ளை தவழுற இடம் இது." வைத்தியரிடம் சொல்லி இரத்தம் சோதித்தோம். பேரப்பிள்ளைக்குப் பரவாயில்லை, எங்கள் இருவருக்கு ஈயம் கொஞ்சம் கூடியிருந்தது. சிறுவர்களின் மூளை வளர்ச்சிக்கு ஈயம் இவ்வளவு வரை பாதிப்பில்லை என்று சொல்லத்தக்க அளவே கிடையாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். புகையைவிடக் கசட்டுத் தூள்தான் கையோடும் உடுப்போடும் வீட்டுக்குள் வருகிறது. இப்போது சப்பாத்தும் மேலுடுப்பும் கராஜிலேயே நிற்கின்றன. கசட்டை மூடிய தகரத்தில் சேர்த்து ஆபத்தான கழிவு எடுக்கும் இடத்தில் கொடுக்கிறோம். வார்க்கும்போது தேநீரும் இல்லை, சிகரெட்டும் இல்லை. கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவிய பிறகுதான் பிள்ளையைத் தூக்குகிறோம்.

சட்டம் எங்கும் ஒன்றுபோல் இல்லை என்பதையும் நினைவில் வையுங்கள். அன்னப்பறவைகள் ஈயம் விழுங்கிச் செத்ததால் இங்கிலாந்தில் 1987 முதல் சிறிய ஈயக்குண்டுகளை விற்கத் தடை உள்ளது. கனடாவின் தேசியப் பூங்காக்களிலும் 50 கிராமுக்குக் குறைந்த ஈயக்குண்டுகளோடு மீன்பிடிக்க முடியாது. நீங்கள் இருக்கும் நாட்டில் எது அனுமதி என்று கேட்டறிந்த பிறகே சட்டியை மூட்டுங்கள்.

ஒரு பழைய சட்டியைத் திருத்தினால் சில நூறு குரோனர் மிச்சம். எங்கள் கணக்குப் புத்தகத்தில் அதை வரவு வைத்தோம். ஆனால் அந்தப் பக்கத்தின் மேலே சிவப்பு மையால் எழுதியிருப்பது வேறு: பிள்ளைகள் கராஜுக்குள் இல்லை என்று பார்த்த பின்னரே பிளக்கைப் போடவும்.