‘கற்றல் இழப்பு’: யார் இழந்தது?

1

தாம்பரம் மாநகராட்சி 2021 நவம்பர் 3ல் உருவானது. அதற்கு இரண்டு நாள் முன்பு, நவம்பர் 1ல், எட்டாம் வகுப்பு வரையிலான பிள்ளைகளுக்குத் தமிழகப் பள்ளிகள் மீண்டும் திறந்தன. 2020 மார்ச்சில் ஒன்றாம் வகுப்பில் இருந்த பிள்ளை நேராக மூன்றாம் வகுப்பு பெஞ்சில் வந்து உட்கார்ந்தது. இரண்டாம் வகுப்பறையை அது பார்க்கவே இல்லை. இதற்கு நிபுணர்கள் வைத்த பெயர் ‘கற்றல் இழப்பு’.

நான் தமிழ் படித்தவன். சொல்லிலிருந்துதான் தொடங்க முடியும். இழப்பு என்றதும் இழந்தவர் என ஒருவர் கட்டமைக்கப்படுகிறார். அது பிள்ளை. மூடிய கதவு அந்தச் சொல்லுக்குள் இல்லை. அடுத்த கட்டத்தில் அதே பிள்ளை ‘மெல்லக் கற்பவர்’ ஆகிவிடுகிறது. நின்றது பள்ளிக்கூடம், பட்டம் பிள்ளைக்கு.

நம்ம பக்கத்தில் இது கொரோனாவோடு தொடங்கியதல்ல. 2015 வெள்ளம் முடிச்சூரையும் வரதராஜபுரத்தையும் மூழ்கடித்தபோது பள்ளிகள் வாரக்கணக்கில் மூடிக் கிடந்தன. அதன்பின் ஆற்றங்கரைக் குடும்பங்கள் பெரும்பாக்கம் அடுக்குமாடிகளுக்குப் பெயர்க்கப்பட்டன. படித்த பள்ளி எங்கோ, புது வீடு எங்கோ. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல். இங்கே தடைபடுவது விதிவிலக்கு அல்ல.

2

இதற்கு மருந்தாகத் தொழில்நுட்பம் முன்வைக்கப்படுகிறது. அதை ஒரே பொருளாகப் பார்க்கக் கூடாது. பேசும் கருவி உண்டு: 2019ல் வந்த கல்வித் தொலைக்காட்சி, பாடநூலில் அச்சான க்யூஆர் கோடு வழியே வரும் காணொளி. கேட்கும் கருவியும் உண்டு: பிள்ளை தரும் விடையைப் பார்த்து அடுத்த கேள்வியை ஏற்றியோ இறக்கியோ தரும் மென்பொருள்.

பேசும் கருவி பாடம் நின்ற இடத்திலிருந்து தொடங்கும். பிள்ளை நின்ற இடம் அதற்குத் தெரியாது. 52லிருந்து 38ஐக் கழித்து 26 என்று ஒரு பிள்ளை எழுதினால் அது கவனக்குறைவு அல்ல. பெரிய எண்ணிலிருந்து சின்ன எண்ணைக் கழி என்று அது தனக்கென ஒரு விதி வைத்திருக்கிறது. அந்த விதியைக் கண்டுபிடிக்காமல் காணொளியை நாலு தடவை போட்டு என்ன பயன்? நல்ல டீச்சர் நோட்டைப் பார்த்தே பிடித்துவிடுவார். ஆனால் முன்னால் நாற்பது நோட்டு. கேட்கும் கருவி உதவக்கூடிய இடம் இதுதான்.

டெல்லியில் ‘மைண்ட்ஸ்பார்க்’ மென்பொருளைக் கொண்டு கார்த்திக் முரளிதரன் குழுவினர் நடத்தி 2019ல் வெளியிட்ட ஆய்வில், நாலரை மாதத்தில் கணக்கிலும் இந்தியிலும் தெளிவான முன்னேற்றம். ஆனால் பாதி நேரம் திரை, மீதி நேரம் ஒரு மனிதர் நடத்திய சிறு குழு. அதுவும் பள்ளி நேரத்துக்கு வெளியே. குஜராத்தில் லீ லிண்டன் செய்த ஆய்வு இன்னும் கறாரானது. வகுப்பு நேரத்தைப் பிடுங்கிக் கணினிக்குக் கொடுத்தபோது பிள்ளைகள் கற்றது குறைந்தது. வகுப்புக்கு மேல் கூடுதலாகக் கொடுத்தபோதுதான் பலன்.

3

தமிழகம் மீண்டது எப்படி? 2021 அக்டோபரில் ‘இல்லம் தேடிக் கல்வி’ தொடங்கியது. மாதம் 1000 ரூபாய் ஊக்கத்தொகையில், பெரும்பாலும் பெண்கள், மாலை நேரத்தில் பிள்ளைகளோடு உட்கார்ந்தார்கள். கிராமப்புறத்தில் சுமார் 19,000 பிள்ளைகளைத் தொடர்ந்த ஆய்வு சொல்கிறது: பள்ளி திறந்த ஆறு மாதத்துக்குள் பின்னடைவில் மூன்றில் இரண்டு பங்கு மீண்டது, மீண்டதில் ஏறக்குறைய கால்பங்கு இத்திட்டத்தால். கருவி பற்றிய சொல்லாடலில் இந்தப் பெண்களின் உழைப்பு காணாமல் போவது தற்செயல் அல்ல. திரையைத் திறந்து வைக்க விழா எடுக்கலாம். பாயை விரிக்க யார் விழா எடுப்பார்?

2022ல் வந்த ‘எண்ணும் எழுத்தும்’ பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என நிலை பார்த்துப் பிரித்தது. மதிப்பீடு செயலியில் ஏறியது. இங்கே கருவி கேட்கத்தான் செய்கிறது. யாருக்காக? பதிவேற்றுவதிலேயே நேரம் போகிறது என்று ஆசிரியர்கள் புலம்பியதை இயந்திர வெறுப்பு என்று தள்ளிவிட முடியாது. அந்தத் தகவல் மேலே இயக்குநரகத்துக்கு மட்டும் போனால் அது கண்காணிப்பு. மறுநாள் காலை அதே டீச்சரின் கைக்கு, எந்தப் பிள்ளைக்கு எது வேண்டும் என்று திரும்பி வந்தால் கல்வி.

நண்பர்கள் தங்கள் பகுதிப் பள்ளியில் புதுத்திரை மாட்டப்படும்போது இவற்றைக் கேட்க வேண்டும்: இது பிள்ளை நின்ற இடத்தைக் கண்டுபிடிக்குமா? டீச்சரின் நேரத்தைக் கூட்டுமா, தின்னுமா? அடுத்த வெள்ளத்தில் மின்சாரம் போனால், பிள்ளையோடு உட்காரப்போகும் ஆளுக்குச் சம்பளம் யார் தருவது?