வாய் சொல்லாததைக் கை சொல்லும்!

சாயந்திரம் ஸ்கூல் பஸ்ஸிலிருந்து இறங்கி வருகிறான் பையன். எட்டாவது படிக்கிறான்.

"சாப்பிட்டியா தம்பி?"

"ம்."

"ஸ்கூல்ல இன்னிக்கு என்ன?"

"ஒண்ணும் இல்லே."

அவ்வளவுதான். பையை மூலையில் போட்டுவிட்டுக் கதவைச் சாத்திக்கொள்கிறான். 'ரெண்டு மாசமா இப்படித்தான் இருக்கான். முன்னெல்லாம் வாய் ஓயாது' என்று அம்மாவுக்குக் கவலை. 'எல்லாம் வயசுக் கோளாறு, தானா சரியாப் போயிடும்' என்கிறார் அப்பாயி. வெளிநாட்டில் இருக்கும் அப்பாவோ போனில் 'நல்லாப் படிக்கச் சொல்லு' என்பதோடு சரி.

உதாரணத்துக்குத்தான் இந்த வீட்டைச் சொல்கிறோம். ஆனால் பெரம்பலூர், அரியலூர் பக்கம் இருக்கும் உங்களுக்கு இது புதிதாகத் தெரியாது, இல்லீங்களா? அப்பா சிங்கப்பூரிலோ சவூதியிலோ இருப்பார். இல்லையென்றால் சிமெண்ட் ஆலையில் ஷிப்ட் வேலை. பிள்ளை ஹாஸ்டலில் அல்லது தாத்தா பாட்டி வீட்டில். போதாக்குறைக்குப் பத்தாவது, ப்ளஸ் டூ, நீட் என்று வரிசையாகப் பரீட்சைகள். மனநலப் பிரச்னைகளில் மூன்றில் ஒரு பங்கு, 14 வயதுக்குள்ளேயே தலைகாட்டிவிடுகின்றன என்கிறது உலக சுகாதார நிறுவனம். பெரும்பாலானவற்றை யாரும் கவனிப்பதே இல்லை.

பிள்ளைகள் பிடிவாதத்தால் மட்டும் வாய் திறக்காமல் இருப்பதில்லை. மனசுக்குள் இருப்பதற்கு என்ன பெயர் என்றே பல பிள்ளைகளுக்குத் தெரியாது. பயமா, அவமானமா, கோபமா? சொல்ல வார்த்தை கிடைக்காத இடத்தில் ஒரு க்ரேயான் உதவும். அதை முறைப்படி பயன்படுத்துவதுதான் ஓவிய சிகிச்சை.

எங்கே தொடங்கியது?

ஏட்ரியன் ஹில் என்ற ஆங்கிலேய ஓவியர் காசநோய் வந்து ஆஸ்பத்திரியில் படுத்திருந்தார். படம் வரைந்தது தன் மனசைத் தேற்றியதைக் கண்டு, பக்கத்துப் படுக்கை நோயாளிகளையும் வரைய வைத்தார். 'ஆர்ட் தெரபி' என்ற பெயரை 1942-ல் சூட்டியவர் அவர்தான்.

அதே காலத்தில் நாஜிகளின் டெரசின் முகாமில் ஃப்ரீட்ல் டிக்கர் பிராண்டைஸ் என்ற ஓவிய ஆசிரியை, அடைபட்டுக் கிடந்த யூதக் குழந்தைகளுக்கு ரகசியமாக ஓவியம் கற்றுக்கொடுத்தார். 1944-ல் அவர் ஆஷ்விட்ஸில் கொல்லப்பட்டார். ஆனால் அவர் இரண்டு பெட்டிகளில் ஒளித்து வைத்த சுமார் 4,500 படங்கள் பிழைத்தன!

நம் மொழி பேசும் பிள்ளைகளுக்கும் இது கைகொடுத்திருக்கிறது. இலங்கை மட்டக்களப்பில் போர் நடந்துகொண்டிருந்த 1996-ல் 'வண்ணத்துப்பூச்சி சமாதானப் பூங்கா' தொடங்கப்பட்டது. கனடா ஓவியர் பால் ஹோகனும், இயேசு சபைத் துறவி பால் சற்குணநாயகமும் முன்னின்றார்கள். தமிழ், முஸ்லிம் கிராமங்களிலிருந்து பிள்ளைகளை பஸ்ஸில் ஒன்றாக அழைத்து வந்து, படம் வரையவும் களிமண் பிசையவும் கதை கட்டவும் நாடகம் போடவும் விட்டார்கள். 2004 சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினம் பக்கமும் பிள்ளைகளைத் தேற்றும் வேலையில் படம் வரைவதும் விளையாட்டும் முக்கிய இடம் பிடித்தன.

எப்படி வேலை செய்கிறது?

பயத்தைத் தாளில் இறக்கி வைத்தவுடன் அது 'எனக்குள்ளே' இல்லாமல் 'எனக்கு எதிரே' வந்துவிடுகிறது. அதைப் பார்க்கலாம், மாற்றலாம், பிடிக்காவிட்டால் கிழித்தும் போடலாம்! கையை மீறிப் போன ஒன்று, கைக்குள் வருகிறது.

சிகிச்சையாளர் வாரம் ஒருமுறை, அதே இடம், அதே நேரம் என்று வைத்துக்கொள்வார். பென்சில் அடக்கமானது, பயந்த பிள்ளைக்குத் தோதானது. தண்ணீர் வர்ணம் மனசைத் தளரவிடும். கோபக்காரப் பிள்ளைக்குக் களிமண். குத்தலாம், பிசையலாம், யாருக்கும் அடிபடாது. வரைந்த பிறகு 'இதைப் பத்திச் சொல்லேன்' என்பார். மார்க் போட மாட்டார்.

வரையத் தெரிந்திருக்க வேண்டுமா? வேண்டியதில்லை. அமெரிக்காவின் ட்ரெக்ஸல் பல்கலைக்கழகத்தில் 39 பெரியவர்களை 45 நிமிடம் இஷ்டத்துக்குப் படம், களிமண் என்று ஈடுபட வைத்தார்கள். சுமார் 75 சதவீதம் பேருக்கு, மன அழுத்தத்தைக் காட்டும் கார்ட்டிசால் ஹார்மோன் குறைந்திருந்தது. முன்அனுபவம் இருந்ததா இல்லையா என்பது பெரிய வித்தியாசம் செய்யவில்லை. 2016-ல் வெளியான இந்த ஆய்வு சின்னதுதான். அதனால் ஓவிய சிகிச்சையை சர்வரோக நிவாரணி என்று நினைத்துவிடாதீர்கள். மருந்து, ஆலோசனைக்கு இது துணை, மாற்று அல்ல. டிராயிங் கிளாஸும் சிகிச்சை ஆகாது.

நீங்களே ஜோசியம் பார்க்காதீர்கள்!

'கறுப்பா வரைஞ்சிருக்கான், மனசுல ஏதோ இருக்கு' என்று முடிவு கட்டிவிடுவது பெரிய தவறு. மற்ற க்ரேயான்கள் உடைந்து போயிருக்கலாம்! ஒரே ஒரு படத்தை வைத்து எந்த நிபுணரும் தீர்ப்பு சொல்ல மாட்டார். படம் சாட்சியல்ல, பேச்சைத் தொடங்க ஒரு வாசல்.

வீட்டில் என்ன செய்யலாம்?

* பழைய காலண்டர் தாளின் பின்பக்கம், க்ரேயான், கொஞ்சம் குளத்து வண்டல் மண் போதும். கைக்கு எட்டும் இடத்தில் வையுங்கள். 'வரை, வரை' என்று நச்சரிக்க வேண்டாம்.

* 'யானை ஏன் ஊதாவா இருக்கு?' என்று திருத்தாதீர்கள். 'சூப்பர்!' என்று உடனே புகழவும் வேண்டாம். அடுத்த தடவை உங்களுக்காக வரையத் தொடங்கிவிடுவான்.

* 'எனக்கு வரைய வராது' என்கிற டீன் ஏஜ் பிள்ளைக்குப் பழைய பத்திரிகையும் கத்தரிக்கோலும் கொடுங்கள். வெட்டி ஒட்டட்டும். மார்கழியில் அப்பாயியோடு கோலம் போடட்டும்.

* அவர்கள் சம்மதம் இல்லாமல் படத்தை உறவினர்களிடம் காட்டாதீர்கள். வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போடவே போடாதீர்கள்.

எப்போது டாக்டர்?

தூக்கம், சாப்பாடு, படிப்பு, நட்பு... இவை இரண்டு வாரத்துக்கு மேல் கெட்டுப்போயிருந்தால் காத்திருக்க வேண்டாம். கையில் கீறிக்கொண்டாலோ, 'நான் இல்லாட்டி நல்லா இருக்கும்' என்று சொன்னாலோ, எழுதினாலோ, வரைந்தாலோ அன்றைக்கே கவனியுங்கள், தனியாக விடாதீர்கள். 'சாகணும்னு தோணுதாப்பா?' என்று நேராகவே கேட்கலாம். கேட்பதால் அந்த எண்ணம் வந்துவிடாது. கேட்க ஆள் இருக்கிறது என்ற தெம்புதான் வரும்.

மாவட்ட மனநலத் திட்டம் தமிழ்நாட்டில் 1997-ல் நம் பக்கத்துத் திருச்சியில்தான் தொடங்கியது. பிறகு மற்ற மாவட்டங்களுக்கும் வந்தது. ஓவிய சிகிச்சைக்கென்றே படித்தவர் நம் ஊரில் சுலபமாகக் கிடைக்க மாட்டார். அதனால் முதலில் பெரம்பலூர் அரசு தலைமை மருத்துவமனைக்கோ, 2022-ல் திறக்கப்பட்ட அரியலூர் அரசு மருத்துவக் கல்லூரிக்கோ போய் மனநல மருத்துவரைப் பாருங்கள். பிள்ளை வரைந்தவற்றை, அவன் சம்மதித்தால், எடுத்துப் போங்கள். 24 மணி நேரமும் இலவசமாகத் தமிழில் பேச டெலி மானஸ் 14416. பிள்ளைக்கு யாராவது தீங்கு செய்வதாகத் தெரிந்தால் 1098.

அந்தப் பையனுக்கு வருவோம். ஒரு ஞாயிற்றுக்கிழமை, அம்மா வெங்காயம் உரித்துக்கொண்டிருக்க, அவன் பக்கத்தில் உட்கார்ந்து பஸ் படம் வரைகிறான். எல்லா ஜன்னலிலும் ஆட்கள். ஒரு பையன் மட்டும் நின்றுகொண்டிருக்கிறான்.

"இது யாரு தம்பி?"

கொஞ்ச நேரம் மௌனம்.

"நான்தான்மா. என்னை உக்கார விட மாட்டேங்கிறாங்க."

இரண்டு மாதமாக வராத வார்த்தை! அம்மா பதறவில்லை, 'நீ ஏன் திருப்பிக் கேக்கலே?' என்று அதட்டவும் இல்லை. கத்தியைக் கீழே வைத்துவிட்டு, முழுவதையும் கேட்கிறாள். பள்ளிக்கூடத்தில் பேசுவதெல்லாம் நாளைக்கு.

நீங்களும் கேட்பீர்கள்தானே?