செய்தியின் தலைவரி

கொச்சங்காடியில் மிளகு எவ்வளவு உயர்ந்த ரகமானாலும், மூட்டைமேல் மார்க்கா இல்லையென்றால் சரக்கு போய்ச் சேராது. கப்பல் கம்பெனிக்குக் கணினி வழியே போகும் ஆவணத்துக்கும் இதே கதைதான்.

1987இல் ஐ.நா. ஆதரவில் உருவான எடிஃபாக்ட் முறையில், ஒவ்வொரு செய்திக் கட்டும் ‘யூ.என்.பி.’ என்னும் தலைவரியோடு தொடங்கும். அதில் 5 விவரங்கள் கட்டாயம்: எழுத்து வகை, அனுப்புநர், பெறுநர், தேதி-நேரம், கட்டு எண். கடைசி வரியான ‘யூ.என்.ஸெட்’டிலும் அதே எண் வரவேண்டும். மாறினால் கட்டு தள்ளுபடி.

நம் கணக்கை இவ்வடிவத்துக்குப் பொருத்தித் தரும் மென்பொருளில், வந்த செய்தியின் தலைவரியை முதலில் படிக்கணும், பிறகுதான் உள்விவரம். பதில் அனுப்பும்போது அனுப்புநரும் பெறுநரும் இடம் மாறணும். எண்ணும் நேரமும் புதிதாக இடணும். பழைய எண்ணையே போட்டால், ‘முன்பே வந்தது’ என்று எதிர்ப்பக்கம் ஒதுக்கிவிடலாம். சோதனைக்கு இட்ட ‘1’ என்ற குறியை எடுக்காமல் விட்டால், அசல் செய்தியும் ஒத்திகைக் கணக்கில் போய்விடும். இங்கே பெட்டி காத்துக் கிடக்கும், கப்பல் காத்திருக்காது.

இத்தொழிலில் இருக்கும் நம் பிள்ளைகள், அனுப்புமுன் இந்த ஐந்தையும் ஒருமுறை வாய்விட்டுப் படித்துவிடுவது நல்லது.